ரெண்டாம் நம்பர் சுருட்டு

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று சுருட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு துண்டுக் காகிதம். ஒன்று, இரண்டு, மூன்று என்று பேனாவால் எழுதியிருந்தது.

ராயப்பன்பட்டியில், என் மகள் ஷீபாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டின் முன்னறை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. பாயசக் கிண்ணங்களை இன்னும் எடுக்கவில்லை. எதிர் சோபாவில் மாப்பிள்ளையின் அப்பா அருளப்பன் அண்ணன் முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி லூர்து மதினி கதவில் சாய்ந்து நின்றார். என் வீட்டுக்காரர் ஞானராஜ், ஆஸ்பத்திரி வராந்தாவில் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி விரல்களைக் கோத்துக்கொண்டு இருந்தார். ஷீபாவும் மாப்பிள்ளை ஆன்டோவும் ஜன்னலோரம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எடுங்க சம்பந்தியம்மா" என்றார் அருளப்பன் அண்ணன். "தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க, பத்த வச்சும் பாருங்க. இதுல எது முதல் தரம்னு சொல்லணும். சரியாச் சொன்னா கல்யாணம் உங்க கோயில்ல. தப்பாச் சொன்னா எங்க கோயில்ல."

அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, இரண்டு பிள்ளை பெற்று, சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவியாகவும் இருந்துவிட்ட பிறகு, நான் ஒன்றாம் நம்பர் சுருட்டைக் கையில் எடுத்தேன்.

மூக்கு வந்த வழி

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். இந்த வாரம்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். மலையிலிருந்து மூட்டை வந்து இறங்கினால், ஒரு கை அள்ளி, நிறம் பார்த்து, நகத்தால் ஒன்றைப் பிளந்து, உள்ளே இருக்கும் ஏல அரிசியை நாக்கில் வைத்துத் தரம் சொல்வது என் வேலை. எந்தப் பக்கத்துத் தோட்டம், எத்தனை நாள் முன்னால் பறித்தது, உலர்த்தும்போது எவன் தூங்கிப்போனான் என்பது வரை சொல்லிவிடுவேன் என்று பஜாரில் பேச்சு உண்டு. தூங்கிப்போனவன் விஷயம் மட்டும் கொஞ்சம் மிகை.

ஒரு தடவை என் கூடப்பிறந்த அண்ணனே சரக்கு கொண்டுவந்தார். சுற்றிலும் ஆட்கள். நான் ஒன்றை வாயில் போட்டேன். ஈரம் போகாமல் மூட்டை கட்டிய வாடை. "ரெண்டாந்தரம்" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் இரண்டு கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. அதற்காக நான் தரத்தை மாற்றிச் சொல்லவும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தச் சுருட்டு ஞாயிறு வரை என் வாயிலிருந்து ஒரு பொய்த்தரம் வந்ததில்லை.

புகையிலைக்கும் எனக்கும் உள்ள உறவு வேறு. கல்யாணமான புதிதில் ஏலத்தோட்டத்துக்கு நடந்து போகும்போது அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்க, புகையிலையை ஊறவைத்த தண்ணீரை முழங்கால்வரை தடவிக்கொள்வோம். காரமான இலை என்றால் அட்டை கிட்டவே வராது. சோப்ளாங்கி இலை என்றால் சாயங்காலம் கால் ரத்தக்களறியாகிவிடும். ஆக, நல்ல புகையிலை எது, கெட்டது எது என்று முதலில் கற்றுக்கொண்டது என் கால்கள்தான். வாய் கற்றுக்கொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு கோயில், ஒரு கல்யாணம்

பிள்ளைகள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் ஒரே ஆபீஸ். அவர்களே பார்த்துப் பேசி முடிவுசெய்துகொண்டு, எங்களிடம் மரியாதைக்காகக் கேட்டார்கள். பையன் தங்கமானவன். குடும்பமும் நல்ல குடும்பம். ஒன்றே ஒன்றுதான் இடித்தது. அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் புராட்டஸ்டன்ட்.

இதில் சாமிக்கு ஒரு சங்கடமும் இல்லை. சங்கடமெல்லாம் எங்களுக்குத்தான். என் வீட்டுக்காரர் எங்கள் சபையின் செயலர். மகளை வேறு கோயிலில் கட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு எந்த முகத்தோடு அறிவிப்பு வாசிப்பது என்று அவருக்குக் கவலை. அருளப்பன் அண்ணனுக்கோ, அவர் அப்பாவும் தாத்தாவும் மாலை மாற்றிய இடத்தில்தான் மகனும் மாற்ற வேண்டும். இரண்டு மாதம் போனில் பேசினோம். ஒவ்வொரு தடவையும், "இருக்கட்டும், ஆண்டவர் வழி காட்டுவாரு" என்று போனை வைத்தோம்.

அன்று சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது அதைப் பேசி முடிக்கத்தான். பாயசம் வரைக்கும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நடுவில் ஷீபா மெதுவாக, "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வச்சிக்கலாமா?" என்றாள்.

"கூடாது" என்று இரண்டு அப்பாக்களும் ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

பெட்டி

பேச்சை மாற்றுவதற்காக அருளப்பன் அண்ணன் எழுந்து போய்த் தன் பெட்டியைக் கொண்டுவந்தார்.

அவர் கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழையும் திராட்சையுமாக இங்கே நிலம் இருந்தாலும், நடையில் இன்னும் கப்பல் ஆடும். ஒரு காலத்தில் கியூபாவின் துறைமுகம் ஒன்றில் தெருவோரத்தில் ஓர் ஆளிடம் வாங்கிய சிகார் பெட்டி அது. வழவழப்பான மரம். மூடியில் தங்க எழுத்து. உள்ளே ஈரப்பதம் காட்டும் சின்ன முள். இருபது வருஷத்துக்கு மேலாக, ஊரில் இருந்த நாளெல்லாம் தவறாமல் முள்ளைப் பார்த்து, காய்ந்தால் பஞ்சில் சுத்தமான தண்ணீர் தொட்டு வைத்து வந்திருக்கிறார். ஒன்றைக்கூடப் பற்றவைத்ததில்லை. மகன் கல்யாணத்துக்கு என்று எடுத்துவைத்தது.

"எங்க மாமியா படுக்கையில கெடந்தப்பக்கூட இப்பிடி நேரத்துக்குத் தண்ணி குடுக்கல" என்றார் லூர்து மதினி.

"இது சுருட்டு இல்ல சம்பந்தி, சிகார்" என்று அண்ணன் என் வீட்டுக்காரரிடம் விளக்கினார். "உலகத்துலயே முதல் தரம்."

என் வீட்டுக்காரர் சாதாரணமாக வாய் திறக்கிற ஆளில்லை. அன்று பாயசம் நன்றாக இருந்தது போல. "தரம் சொல்றதுன்னா எங்க எஸ்தருதான்" என்றார். "அவ மூக்குல இருந்து எதுவும் தப்பாது."

"ஏலக்காய மோந்து பாக்குறது வேற, இது வேற."

"வேறன்னா பந்தயம் வையிங்கண்ணே" என்றேன் நான். விளையாட்டாகத்தான் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்தார். ஷீபாவைப் பார்த்தார். பிறகு தாம்பாளத்தில் இருந்த வெற்றிலையை மதினியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது மூன்று சுருட்டுகள், மூன்று நம்பர்கள். ஒன்று அந்தப் பெட்டியிலிருந்து எடுத்தது. ஒன்று அவர் நண்பர் துபாய் விமான நிலையத்தில் வாங்கிவந்த சாதாரண சிகார். இன்னொன்று அவரே திண்டுக்கல்லில் சொல்லித் தடிமனாக உருட்டிக்கொண்ட சுருட்டு. சிகாருக்கு இடுப்பில் ஒரு காகித மோதிரம் போட்டிருப்பார்கள். மோதிரத்தையெல்லாம் கழற்றியிருந்தார். எது எது என்று அவருக்கு மட்டும் தெரியும்.

மூன்று புகை

ஏலக்காய்க்குச் செய்வதைத்தான் செய்தேன். முதலில் கண். பிறகு விரல். அதற்குப் பிறகு மூக்கு. வாய் கடைசி.

ஒன்றாம் நம்பரின் மேலிலை மெல்லியது, நரம்பு தெரியவில்லை. நுனியிலிருந்து அடிவரை விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். எங்கும் ஒரே பதம், நன்றாக உறங்கி எழுந்த குழந்தையின் கை மாதிரி. அண்ணன் நுனியை வெட்டிக் கொடுத்தார். குச்சி உரசி, கந்தக வாடை போகக் காத்திருந்து, பற்ற வைத்தார்.

"உள்ள இழுத்துராதீக. வாயில வச்சிருந்து விட்ருங்க."

இழுத்தேன். லூர்து மதினி சிலுவை போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் சுவரிலிருந்த காலண்டரைப் படித்தார்.

வறுத்த காபிக்கொட்டை முதலில் வந்தது. நாக்கின் ஓரத்தில் பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசம். புகையை விட்ட பிறகு தொண்டையில் இரண்டு மிளகு. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி இழுத்தபோது காபி குறைந்து கொஞ்சம் இனிப்பு ஏறியது. சாம்பல் வெள்ளையாக, ஓர் அங்குலம் வளர்ந்தும் உதிராமல் நின்றது. எனக்கே ஆச்சரியம். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கலாம் போலிருந்தது. மகள் பார்க்கிறாளே என்று கீழே வைத்தேன்.

மூன்றாம் நம்பரைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது, நம்ம திண்டுக்கல் ஆள். மேலிலை முரடு. ஆனால் உள்ளே ஏமாற்று கிடையாது. முதல் இழுப்பிலேயே காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. என் கால்களுக்குத் தெரிந்த புகையிலை. அட்டைப்பூச்சி பத்தடி தள்ளி நிற்கும்.

இரண்டாம் நம்பர்தான் பார்வைக்கு ராஜா. கரும்பழுப்பு, எண்ணெய் தடவிய மினுமினுப்பு. முகர்ந்தால் அந்த மரப்பெட்டியின் வாசம் அப்படியே வந்தது. அண்ணனின் பொக்கிஷம் இதுதான் என்று அப்போதே புரிந்துவிட்டது. விரலால் அழுத்தினேன். ஓரிடம் கல், ஓரிடம் பஞ்சு. சரி, இருபது வருஷம் கிடந்ததல்லவா என்று நினைத்துக்கொண்டேன்.

பற்ற வைத்தார். முதல் இழுப்பு சுமார். இரண்டாவது இழுப்பில் நான் அந்த முன்னறையில் இல்லை. சின்னமனூர் ரோட்டில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம். தார் வெட்டி முடித்து, சருகைக் குவித்துத் தீ வைத்திருக்கிறார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போகிற, இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரிந்த அதே புகை.

மேலே ஒரு சுற்று மட்டும் புகையிலை. உள்ளே முழுக்க வாழைச்சருகு. சாம்பல் கறுப்பாகச் சுருண்டு, உதிர்ந்து, என் வீட்டுக்காரரின் பாயசக் கிண்ணத்தில் போய் உட்கார்ந்தது.

தீர்ப்பு

நான் எழுந்துபோய் ஜன்னலண்டை நின்று தண்ணீர் குடித்தேன். யோசிக்க எனக்கு ஒரு டம்ளர் நேரம் கிடைத்தது.

உண்மையைச் சொன்னால் ஒன்றாம் நம்பர். அது துபாய்க் கடைச் சரக்கு. ஆனால் இங்கே நீதிபதி அண்ணன். அவரைப் பொறுத்தவரை முதல் தரம் இரண்டாம் நம்பர். உண்மை சொன்னால் தோற்றுப்போவேன், கோயிலும் போகும். "அது வாழைச்சருகு" என்று சேர்த்துச் சொன்னால், மகள் வாழப்போகிற வீட்டில் அந்த மனுஷனின் இருபது வருஷத்தை எல்லார் முன்னாலும் தரையில் போட்டு உடைத்ததாகும். பொய் சொன்னால் அவருக்கும் சந்தோஷம், எங்களுக்கும் கோயில்.

கூடப்பிறந்தவருக்கே மாற்றிச் சொல்லாத வாய். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"ரெண்டாம் நம்பர்" என்றேன். "இதுதான் முதல் தரம்."

அருளப்பன் அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். தோற்றவர் அப்படி மகிழ்ந்து நான் பார்த்ததில்லை. "நான் சொல்லல, இதுதான் முதல் தரம்னு? மூக்குன்னா அது மூக்கு. சம்பந்தி, கல்யாணம் உங்க கோயில்லதான்" என்று என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடி ஒரு சின்ன ஸ்தோத்திரம் சொன்னார். உண்மை அவருக்கு இன்றுவரை தெரியாது. இந்த இதழ் வீட்டுக்கு வருகிற அன்று நான் கடையிலேயே இருந்துவிடலாம் என்றிருக்கிறேன்.

அத்தோடு முடிந்திருக்கும். சந்தோஷத்தில் அண்ணன் பெட்டியைத் திறந்து இன்னொன்றை எடுத்தார். "இம்புட்டு நாள் காத்திருந்தாச்சு. இன்னைக்கு நானும் ஒண்ணு."

"கல்யாணத்தன்னைக்கு வச்சிக்கலாம்ண்ணே" என்றேன் அவசரமாக.

அவர் பற்ற வைத்துவிட்டார். ஒரு இழுப்பு. இரண்டு. மூன்றாவது இழுப்பில் கை அப்படியே நின்றது. வாழைத்தோட்டத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர். நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னையே பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது.

"சம்பந்தியம்மா" என்றார், ரொம்ப சாதாரணமான குரலில். "வாங்களேன், தோட்டத்தப் பாத்துட்டு வருவோம்."

வாழைக்கு நடுவில்

வாழை வரிசைகளைத் தாண்டி நடந்தோம். கடைசி வரிசைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"எப்பத் தெரிஞ்சது?"

"ரெண்டாவது இழுப்புல."

"எனக்கு மூணாவது." கையிலிருந்ததை உற்றுப் பார்த்தார். "தெரிஞ்சும் ஏன் முதல் தரம்னு சொன்னீக?"

"உங்க முகத்தப் பாத்தேன்" என்றேன். அது பாதி உண்மை. அவர் கண் விலகாமல் நின்றதால் மீதியையும் சொன்னேன். "கோயிலும் வேணும்ல."

அவர் சிரிக்கவில்லை. வாழைக்கன்றின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயம் வந்தது. ஒரு வார்த்தையில் சம்பந்தத்தையே கெடுத்துக்கொண்டேனோ என்று நினைத்தேன். பார்த்தால் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். சத்தம் வராமல், கண்ணீர் வரச் சிரிக்கிறார்.

"இருவது வருஷம்" என்றார். "கடல் தாண்டி, கஸ்டம்ஸ் தாண்டி, வாழச்சருகக் கொண்டாந்து ராயப்பன்பட்டியில வச்சிருக்கேன்."

"பந்தயம் செல்லாதுன்னு சொல்லிராதீகண்ணே."

"சொன்ன சொல்லு சொன்னதுதான். அது கெடக்கட்டும். இப்பப் பெரிய வம்பு வேற இருக்கு." நிமிர்ந்தார். "கூட வேல பாத்த ஆளுக ஒருத்தர் விடாம சொல்லி வச்சிருக்கேன், மகன் கல்யாணத்துல பெட்டியத் தொறப்போம்னு. அதுக்குன்னே வராக. என்ன பண்ண?"

எனக்கு உடனே தோன்றிவிட்டது. இந்த விஷயத்தில் நான் யோசிக்க நேரமே எடுக்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

"மூணாம் நம்பர உருட்டுன ஆளு திண்டுக்கல்ல எங்கன இருக்காரு?"

அவர் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் ஆனது. "மோதிரத்தக் கழட்டி அதுக்குப் போடுறதா? மோசடி இல்லயா அது?"

"உள்ள வாழச்சருக வச்சான் பாருங்க, அது மோசடி. நம்ம வைக்கப்போறது நல்ல புகையில. நானே பாத்து எடுக்கேன்."

பின்னால் சருகு நொறுங்கும் சத்தம். லூர்து மதினி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"எஸ்தர் மதினி, எனக்கு நீங்க பத்த வச்ச உடனேயே வாடை தெரிஞ்சுபோச்சு" என்றார். "அடுப்புல வாழச்சருகு எரிச்ச பொம்பளைக்குத் தெரியாதா? மோதிரம் ஒட்டுறத நான் பாத்துக்கிறேன். சோத்துப் பசை போதும்."

அடுத்த வாரமே நானும் அண்ணனும் திண்டுக்கல் போனோம். அந்த உருட்டுகிறவரிடம் இலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, முகர்ந்து, காரம் கம்மியானதை உள்ளேயும் மெல்லியதை மேலேயும் வைக்கச் சொன்னேன். மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெட்டியில் மீதமிருந்த பழையவற்றை மதினி எடுத்துப்போய் வாழைக்குழியில் போட்டு மூடினார். தண்ணீர் அங்கேயும் பாய்ந்துகொண்டுதான் இருக்கும்.

மண்டபத்துக்குப் பின்னால்

ஈஸ்டர் கழிந்து போடியில், எங்கள் கோயிலில், கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அருளப்பன் அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து, தெரியாத பாட்டையும் சத்தமாகப் பாடினார். என் வீட்டுக்காரர் அன்று நடந்த நடையைப் பார்த்தால் அவர்தான் மாப்பிள்ளை என்று நினைக்கத் தோன்றும்.

வரவேற்பு முடிகிற நேரம், மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கப்பல்காரர்கள் கூடினார்கள். அண்ணன் பெட்டியைத் திறந்தார். பட்டுச்சேலையோடு நான் கொஞ்சம் தள்ளி, யாரையோ தேடுகிற மாதிரி நின்றேன். அத்தனை பேரும் பற்ற வைத்தார்கள். அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள். "கியூபான்னா கியூபாதான்" என்றார் ஒருவர். இன்னொருவர், இந்த வாசம் வேறெந்த மண்ணிலும் வராது என்றார். திண்டுக்கல் அங்கிருந்து இரண்டு மணி நேரம்.

கோட்டயத்திலிருந்து வந்திருந்த மாத்யூ என்பவர் மட்டும் விரல் சுடுகிற வரை விடாமல் இழுத்தார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அணைத்துவிட்டு எழுந்துவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அருளப்பா, எனிக்கு இப்பத்தான் சமாதானமாச்சு. அதே தெரு, அதே ஆளு, நானும் ஒரு பெட்டி வாங்கினேன் அல்லே. மகளோட கல்யாணத்துக்கு வச்சிருக்கேன். நல்லதா, கெட்டதான்னு இத்தன வருஷம் பயந்து ஒண்ணுகூடப் பத்த வச்சுப் பாக்கல. அடுத்த மாசம் கல்யாணம்." என் பக்கம் திரும்பினார். "சேச்சி மூக்கு பத்தி அருளப்பன் சொல்லியிருக்கான். சேச்சி அவசியம் வரணும். பெட்டி தொறக்குற நேரம் பக்கத்துல நின்னு ஒரு வார்த்த சொல்லணும்."

அருளப்பன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"மாத்யூ" என்றார் அண்ணன். "கல்யாணத்துக்கு முந்தி ஒரு வாரம் அந்தப் பெட்டிய எங்கிட்டக் குடுத்துவிடு. ஈரப்பதமெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துத் தாரேன்."

"எத்தன இருக்குண்ணே உள்ள?" என்று நான் மாத்யூவைக் கேட்டேன்.

"இருபத்தஞ்சு."

மறுநாள் காலை, பந்தலைப் பிரிக்க ஆள் வருவதற்கு முன்பே, நானும் அருளப்பன் அண்ணனும் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தோம்.